பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்லுங்கள், என்ன நாவல் வாங்கட்டும்?

தக்கலை பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் புத்தகம் எடுக்க வருவார்கள், எல்லாம் எட்டாவதிலிருந்து பிளஸ் டூ வரை. போன வாரம் பத்தாவது படிக்கிற ஒருத்தி நாவலைத் திருப்பித் தந்தபோது நடுவில் பஸ் டிக்கெட் செருகியபடியே இருந்தது. ஏன் மக்களே, முடிக்கலியா என்றேன். "இதுல வர்ற பிள்ளையெல்லாம் டீச்சர் மாதிரி பேசுது அக்கா."

இத்தனைக்கும் ஜான் கிரீன் 2012-இல் எழுதிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' நாவலை ஃபோனிலேயே இரண்டு ராத்திரியில் முடித்தவள் அவள். புற்றுநோய் வந்த 16 வயசுப் பெண் தானே சொல்லும் கதை, அதில் உபதேசம் இல்லை என்கிறாள்.

தமிழிலும் தேடாமல் இல்லை. சிறுவர் இலக்கியத்துக்கான பால சாகித்திய புரஸ்கார் விருது வாங்கிய உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' (2023), விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' (2025) இரண்டும் வைத்திருக்கிறேன். பிளஸ் டூ பையன்கள் 'தம்பிக்கு' என்று சொல்லித்தான் எடுத்துப்போகிறார்கள்!

உங்கள் வீட்டில் 13 முதல் 18 வயசு வரை யாராவது இருந்தால் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள். கடைசியாக முழுசாகப் படித்த நாவல் எது, எதைப் பாதியில் போட்டார்கள், ஏன்? தமிழோ ஆங்கிலமோ, விளவங்கோடு பக்கம் மலையாளமோ, எதுவானாலும் சரி. நீங்களே அவர்களுக்காகப் பதில் எழுதிவிடாதீர்கள், அவர்கள் திட்டினால் திட்டினபடியே வேண்டும். வாய்ஸ் மெசேஜும் போதும், பெயர் வேண்டாம். ஓணம் லீவுக்கு முன்னால் கிடைத்தால் நாகர்கோவில் போகும்போது வாங்கிவிடுவேன்.