இன்-இயர் மானிட்டர்: ‘உட்செவிக் கண்காணிப்பி’ வேண்டாமே, ‘தற்கேட்பி’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மேடையில் பாடுபவர்களும் வாசிப்பவர்களும் தங்கள் இசையைக் கேட்கக் காதில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவிதான் இன்-இயர் மானிட்டர். அதற்கு ‘உட்செவிக் கண்காணிப்பி’ என்ற தமிழ்ச்சொல் பரிந்துரையைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாக மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். அந்தச் சொல்லின் இரண்டு பாதியும் எனக்கு இடிக்கிறது.

முதலில் உட்செவி. புறச்செவி, நடுச்செவி, உட்செவி என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். உட்செவி என்பது செவிப்பறையையும் தாண்டி, நத்தைக்கூடு போன்ற சுருள் இருக்கும் இடம். இந்தக் கருவியோ புறச்செவியின் குழாயோடு நின்றுவிடுகிறது. மருத்துவத்தில் நிலைத்துவிட்ட சொல்லை நாம் குழப்பக் கூடாது.

அடுத்தது, மேடையில் மானிட்டர் யாரையும் கண்காணிப்பதில்லை. பெரிய ஸ்பீக்கர்கள் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். பின்னால் இருக்கும் எங்களுக்கு அந்த ஒலி கலங்கலாகத்தான் வரும். அவரவர் வாசிப்பை அவரவருக்கே திருப்பித் தருவதுதான் மானிட்டரின் வேலை. முன்பு அது தரையில் சாய்த்து வைத்த ஸ்பீக்கர் பெட்டிதான். டிரம்ஸை மீறிக் கேட்க பெட்டியின் ஒலியை ஏற்றுவோம், அந்தச் சத்தம் மைக்கில் புகும், மைக் கூவும். ஒலிப்பொறியாளர் ஜெர்ரி ஹார்வி 1995இல் அமெரிக்க ராக் குழு டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்குக் காதுக்கு அளவெடுத்து இன்-இயர் மானிட்டர் செய்து கொடுத்ததும் இந்தத் தொல்லைக்குத்தான்.

பாடகர்கள் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். தன் குரல் தனக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். சொல்லையும் அங்கிருந்தே எடுக்கலாம்: தன் + கேட்பி = தற்கேட்பி. தற்காப்பு போலவே புணர்கிறது, நாவிலும் சிக்கவில்லை. தரையில் இருப்பது தரைத் தற்கேட்பி, காதில் இருப்பது செவித் தற்கேட்பி.

“தன் வாத்தியம் மட்டுமா கேட்கிறது?” என்று கேட்பீர்கள். இல்லைதான். என் காதில் கீபோர்டு, பாடகி குரல், கிளிக் (தாளம் பிசகாமலிருக்க எங்கள் காதில் மட்டும் ஓடும் ‘டிக் டிக்’ ஒலி), கொஞ்சம் பேஸ் எல்லாம் வரும். ஆனால் அது எனக்கென்றே கலந்தது; பக்கத்தில் நிற்கும் கிதார்காரருக்கு வேறு கலவை. ‘தன்’ அதைச் சொல்லிவிடுகிறது. ‘காதொலிப்பான்’ என்றால் பேருந்தில் பாட்டுக் கேட்பதற்கும் இதற்கும் வேறுபாடே தெரியாது.

இதோடு இன்னொரு சொல்லும் வேண்டும். ஒரு கோயில் திருவிழாவில் எங்கள் பாடகி இரண்டாம் பாட்டிலேயே ஒரு பக்கத்தைக் கழற்றித் தோளில் தொங்கவிட்டார். கூட்டமே இல்லாத அறையில் பாடுவது போலிருக்கிறது என்றார். இது ஆபத்தான பழக்கம். திறந்த காதில் மேடைச் சத்தம் அப்படியே இறங்கும், அதை மீற மற்றக் காதில் ஒலியை ஏற்றுவோம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், 88இல் நான்கு மணி நேரம்தான் என்கிறது அமெரிக்கப் பணியிட நலப் பரிந்துரை. அப்புறம் கூட்டத்தை நோக்கி ஒரு மைக் வைத்து, கைதட்டலையும் அவர் கலவையில் சேர்த்தோம். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டார். அந்த மைக்கை ‘அவையொலி வாங்கி’ எனலாமா?

கிளிக் டிராக்குக்கு ‘தாளத்துடிப்பு’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. தவில், மிருதங்கம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.