கரிமச் சேமிப்பா, கார்பன் பிடிப்பா? மூங்கில் கையேட்டுக்கு ஒரு சொல்

மேலூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். மேலூர், நத்தம் பக்கத்து விவசாயிகளுக்காக மூங்கில் சாகுபடிக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நடவு, பாசனம் எல்லாம் முடிந்தது. 'கார்பன் சீக்வெஸ்ட்ரேஷன்', அதாவது காற்றிலுள்ள கார்பனைச் செடி இழுத்துத் தனக்குள் வைத்துக்கொள்வது, வருகிற இடத்தில்தான் தமிழ்ச்சொல் கிடைக்காமல் நிற்கிறேன். முதல் படியில் 'கரிமச் சேமிப்பு' என்று போட்டேன். வாசித்துப் பார்த்த விவசாயி ஒருவர், "இந்தச் சேமிப்பை எப்போது எடுக்கலாம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மூங்கில் ஆண்டுதோறும் காற்றிலிருந்து இழுக்கிற கார்பன் வேறு, தோப்பில் இன்றைக்கு நிற்கிற கார்பன் வேறு. முளை கிளம்பிய சில மாதங்களில் கழை, அதாவது மூங்கில் தண்டு, முழு உயரத்துக்கு வந்துவிடும். அப்புறம் அது பருக்காது, முற்ற மட்டுமே செய்யும். முற்றிய கழையை வெட்டாமல் விட்டால் சில வருடங்களில் காய்ந்து, மட்கி, வாங்கியதைக் காற்றுக்கே திருப்பிக் கொடுக்கும். வெட்டிக் கூரைக்குப் போட்டால் கூரை இருக்கிற வரை கார்பனும் இருக்கும். அடுப்பில் வைத்தால் அன்றே போச்சு. இத்தனையையும் 'சேமிப்பு' என்றால் விவசாயி தப்புக் கணக்குப் போடுவார். 'கரிமத் தேக்கம்' வேண்டாம். தேக்கு மரமும் வருகிற கையேடு இது.

திருநகரிலிருந்து:

அன்புடையீர், சொல் மூங்கிலுக்குள்ளேயே இருக்கிறது. வேய், கழை, வெதிர் போல 'அமை' என்பதும் மூங்கிலின் பெயர். அமைதல் என்றால் அடங்குதல், பொருந்துதல், போதுமாதல். காற்றில் அலைகிற கரி, அதாவது கார்பன், மூங்கிலில் அடங்குவது 'கரியமைவு'. அகநானூற்றில் கபிலர் 'ஆடமைக் குயின்ற அவிர்துளை மருங்கின்' என்று தொடங்கி, கோடைக்காற்று மூங்கில் துளையில் புகுந்து குழலிசை ஆவதைப் பாடுகிறார். காற்று மூங்கிலுக்குள் போகிற காட்சி அங்கேயே வந்துவிட்டது.

இன்னொன்று. கையேட்டில் 'மூங்கில் மரம்' என்று எழுதிவிடாதீர்கள். 'புறக்காழனவே புல்லென மொழிப' என்பது தொல்காப்பிய மரபியல். வயிரம், அதாவது கெட்டியான பகுதி, வெளியே இருப்பதால் மூங்கில் புல். தாவரவியலும் அதைப் புல் குடும்பத்தில்தான் வைக்கிறது. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் சட்டப்படியும் மரமில்லை.

ஒத்தக்கடையிலிருந்து:

ஐயா, அமை விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கையேட்டுக்கு ஆகாது. எங்கள் பக்கம் கரி என்றால் அடுப்புக்கரி. மூங்கிலைச் சுட்டுக் கரியாக்கும் தொழிலும் இருப்பதால், 'கரியமைவு' என்று பார்ப்பவர் மூட்டம் போடச் சொல்கிறார்கள் என்றே நினைப்பார். 'இந்திரனே சாலுங் கரி' என்ற குறளில் கரி சாட்சி. யானைக்கும் அதே பெயர். இத்தனை பொருளைச் சுமக்கிற சொல்லை ஏன் இழுக்க வேண்டும்? பள்ளிப் புத்தகத்திலேயே கார்பன் என்றுதான் இருக்கிறது. வருடாவருடம் உள்ளே போவதைக் 'கார்பன் பிடிப்பு' என்றும், நிற்பதைக் 'கார்பன் இருப்பு' என்றும் எழுதலாம். களஞ்சியத்தில் நெல் இருப்பு பார்ப்பவருக்கு விளக்கமே வேண்டாம். கணக்கும் எளிது: உலர்ந்த எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன், அதை 44/12 ஆல் பெருக்கினால் காற்றிலிருந்து எடுத்த கார்பன் டை ஆக்சைடின் எடை.

நத்தத்திலிருந்து:

இருப்பு சரி. பிடிப்பு என்றால் வாயுப்பிடிப்பு நினைவுக்கு வருகிறதே? 'ஈர்ப்பு' போடலாமா?

மேலூரிலிருந்து:

ஈர்ப்பு, இழுப்பதோடு நின்றுவிடுகிறது. இழுத்ததை வைத்துக்கொள்வதும் தெரிய வேண்டும். வாயு என்ற சொல்லைப் பக்கத்தில் வைக்காவிட்டால் பிடிப்பு உறுத்தாது. வேறு யாரும் மறுக்காததால் பிடிப்பு, இருப்பு இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். மூங்கில் மரம் என்று இருந்த இடங்களையெல்லாம் திருத்திவிட்டேன். நன்றி ஐயா.

திருநகரிலிருந்து:

கையேட்டுக்கு அது போதும். கலைச்சொல் பட்டியலில் கரியமைவையும் என் மறுப்பையும் பதிந்து வையுங்கள். உதவிக்கு வந்த கார்பனை ஊர்க்காரனாக்க வேண்டாம்.

மேலூரிலிருந்து:

பதிந்துவிட்டேன் ஐயா. அடுத்து பயோமாஸ், அதாவது செடியின் மொத்த எடை. 'உயிர்த்திரள்' என்று வைத்திருக்கிறேன். தழை, கழை, கிழங்கு எல்லாம் அதில் அடங்க வேண்டும். நாளை இரவுக்குள் சொல்லுங்கள்.