மறு: அகதியா, ஏதிலியா? (நாளை பாடம் அச்சுக்குப் போகிறது)

> ‘அகதி’ வடசொல். நம்மிடம் ‘ஏதிலி’ இருக்க அது எதற்கு?

ஐயா, வணக்கம். கத்ரீனா புயல் பற்றிய பாடத்தில் வரும் ‘ரெஃப்யூஜி’ (refugee) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் எதை வைப்பது என்பதுதானே நம் குழுவின் கேள்வி. கதி இல்லாதவர் அகதி, வடசொல்தான், மறுக்கவில்லை. ஆனால் “ஏதிலார் குற்றம்போல் தம்குற்றம்” குறளில் ஏதிலார் யார்? அயலார். இந்தப் பாடத்தின் சண்டையே அதுதானே!

2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவில் கத்ரீனா புயல் அடித்தது. வெள்ளத்தடுப்புக் கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஐந்தில் நான்கு பங்கு மூழ்கியது. கூரைமீதும் சூப்பர்டோம் அரங்கிலும் தவித்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அவர்களை ‘ரெஃப்யூஜி’ என்று செய்திகள் எழுதின. சொந்த நாட்டுக் குடிமக்களை அப்படி அழைப்பது இனவெறி என்றார் கறுப்பின உரிமைத் தலைவர் ஜெசி ஜாக்சன். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அந்தச் சொல்லைக் கைவிட்டது; அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் விடவில்லை.

> அயலார் என்ற காயம் தெரியத்தான் ஏதிலி வேண்டும்.

அம்மா, இது என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. ஆனால் வகுப்பில் பிள்ளைகள் முதலில் ‘ஏதிலி’க்குப் பொருள் கேட்பார்கள்; காயம் அப்புறம்தான் வரும். அகதி என்றால் உடனே சுடும்.

அடுத்தது ‘இவாக்குவி’ (evacuee), ஆபத்தான இடத்தைவிட்டு வெளியேறுபவரைக் குறிக்கும் சொல். அகராதிக் குழு தந்த ‘வெளியேற்றப்பட்டோர்’ எனக்கு ஒப்பவே இல்லை. செயப்பாட்டுவினை வந்தால் செய்தவர் ஒருவர் வேண்டும். யார் வெளியேற்றினார்கள்? 28ஆம் தேதி எல்லோரும் வெளியேற வேண்டும் என்று மேயர் ஆணையிட்டார். கார் இல்லாதவர்கள் அங்கேயே கிடந்தார்கள். பேருந்துகள் வர நாள்கணக்கானது. ‘வெளியேறியோர்’ என்றாலோ அவர்களே விரும்பிப் போனதுபோல் ஆகிவிடும்.

> ‘லூட்’டுக்கு (loot, கொள்ளையடித்தல்) ‘சூறை’ போடுங்கள். சூறைக்காற்றும் சூறையாடலும் ஒரே வேர்.

அழகான வேர்தான். ஆநிரை கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை என்று நீங்கள் தொடர்ந்து எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஓட்டுவது அதே மாடு. யார் ஓட்டுகிறார் என்பதைப் பொறுத்துத் திணைப்பெயர் மாறுகிறது. பாடத்தில் உள்ள இரண்டு படங்களும் அப்படித்தான். இரண்டிலும் மார்பளவு நீர், கையில் கடைப்பொருள். கறுப்பின இளைஞன் படத்துக்குக் கீழே கடையைக் கொள்ளையடித்தான் என்று ஒரு நிறுவனம் எழுதியது. வெள்ளை இனத்தவர் இருவர் படத்துக்குக் கீழே ரொட்டியும் சோடாவும் கண்டெடுத்தார்கள் என்று இன்னொன்று எழுதியது. கண்டதைத்தான் எழுதினோம் என்றார்கள் படம் எடுத்தவர்கள். அதையும் பாடத்தில் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் வெள்ளத்தில் தவித்தவன் கடைப்பொருள் எடுத்ததற்குக் ‘கொள்ளை’ என்ற சொல் எவ்வளவு எளிதாக வந்துவிட்டது! அந்த எளிமை பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். அதனால் ‘கொள்ளையடித்து’, ‘கண்டெடுத்து’ என்றே வைக்கிறேன். சூறை இங்கே கூர்மையை மழுக்கிவிடும்.

சரி, நிலவரம் இது. அகதிக்கு ஆறு பேர், ஏதிலிக்கு மூன்று பேர். ‘இவாக்குவி’க்கு ‘இடம்பெயர்ந்தோர்’ என்று பலர் சோர்ந்துபோய் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அதில் நிறைவில்லை. கைவிடப்பட்டதன் வலி அதில் இல்லை. ஐயா, வினையடியிலிருந்து வேறு சொல் தோன்றினால் இன்றிரவே எழுதுங்கள். காலை ஒன்பது மணிக்கு அனுப்பியாக வேண்டும்.