டர்போ போட்ட லாரிக்கு எந்த ரேடியேட்டர் கட்டுப்படியாகும்?

மன்னார்குடிப் பக்கம் நெல் மூட்டை ஏத்துற மினி லாரி. இன்ஜினை டர்போவா (காத்தை அழுத்தி உள்ள தள்ளுற வகை) மாத்தினேன், ரேடியேட்டர் பழசுதான். லோடோட நீடாமங்கலம் ரயில்வே கேட்ல நின்னா சூடு காட்டுற முள்ளு சிவப்பைத் தொடுது. வயித்தைக் கலக்குதுண்ணே. புது அலுமினியம் வாங்கலாமா?

பதில்: நின்னா மட்டும் ஏறினா ஃபேனையும் அதைச் சுத்தின கவசத்தையும் பாருங்க. ஓட்டத்துலயும் ஏறினா கோர் (ரேடியேட்டர் நடுவுல தண்ணி ஓடுற குழாய்ப் பகுதி) பத்தலை.

கேட்டவர்: ரெண்டுலயும் ஏறுதுண்ணே.

பதில்: தம்பி, புதுசு வேண்டாம். பித்தளை டேங்க் நல்லா இருந்தா பட்டறையில கொடுத்து நாலு வரிசை செம்புக் கோரா மாத்துங்க. தடிமன் கூடும், ஃபேன் இடிக்காம இடைவெளி அளந்துக்கங்க. அலுமினியம் லேசுதான், ஆனா அதோட பிளாஸ்டிக் டேங்க் வெடிச்சா ஈயம் வச்சுப் பத்த முடியாது. நான் என் வண்டியில கழட்டினப்ப ஃபின் (குழாய்க்கு நடுவுல உள்ள மெல்லிசுத் தகடு) இடுக்குல வைக்கோல் தூசும் கருக்காயும் அடையா அப்பியிருந்துச்சு. உள்ளபக்கமிருந்து மெதுவாத் தண்ணி அடிச்சதும் வந்துருச்சு. இன்டர்கூலர் (டர்போ தள்ளுற காத்தை ஆத்துறது) முன்னாடி இருந்தா அதையும் கழுவுங்க. உப்புப் போர்த்தண்ணி மட்டும் ஊத்திராதீங்க, குழாய்ல காரை கட்டிரும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி.

கேட்டவர்: டேங்க் பித்தளைதாண்ணே. அறுவடை லோடு தொடங்கறதுக்குள்ள கழட்டிடுறேன்.