சிரட்டைக் கனலில் சுட்ட மீன்: வீட்டுப் பக்குவம் கடையிலும் வருமா?

மணல்மேடு:
குமரி மாவட்டம் முட்டம் பக்கம் கடலோரத்தில் குடும்பமாகச் சுட்ட மீன் கடை தொடங்குகிறோம். பாட்டி காலத்து அம்மி மசாலா, சிரட்டை (கொட்டாங்குச்சி) கனல். நாலு மீன் சுட்டால் சரியாக வருகிறது. இருபது என்றால் தோல் கம்பியில் ஒட்டிக் கிழிகிறது. வெளியே கருகி, முள்ளோரம் வேகாமல் நிற்கிறது. எங்கே தப்பு? மெனுவில் என்னென்ன மீன் போடலாம்?

கனல்சட்டி:
ஒட்டுவது ஈரத்தால். கழுவிய மீனைத் துணியால் ஒற்றி, உப்பும் மஞ்சளும் மட்டும் தடவி 15 நிமிடம் வையுங்கள். கசியும் தண்ணீரைத் துடைத்த பிறகே மசாலா. கம்பி நன்றாகக் காய்ந்ததும் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒருமுறை துடையுங்கள். வைத்த மீனை நாலைந்து நிமிடம் தொடவே வேண்டாம். தோல் வெந்தால் தானாக விட்டுவிடும்.

கருகுவது அவசரத்தால். தீ நாக்கு அடங்கி, சிரட்டை மேல் சாம்பல் பூத்த பிறகே மீன் போக வேண்டும். கனல் குறைகிறதே என்று மீனுக்கு அடியில் புதுச் சிரட்டை போட்டால், அந்தப் புகை கசப்பாக ஏறும். அடுத்த கனல் தனிச் சட்டியில் தயாராக இருக்கட்டும். அடுப்பில் ஒரு பக்கம் கனலைக் குவித்து, மறுபக்கம் மெல்லிசாகப் பரப்புங்கள். முதலில் தோல் சிவக்க, பிறகு உள்ளே வேக. முதுகுப் பக்கம் முள் வரை கீறியிருந்தால் உள்ளே பச்சை நிற்காது.

உள்ளிக்காரி:
ஒரு கிலோவுக்கு உப்பு 15 கிராம், வத்தல் பொடி (மிளகாய்ப் பொடி) 2 மேசைக்கரண்டி, நல்லமிளகு 1 தேக்கரண்டி, சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 10, பூண்டு 6 பல், சின்ன நெல்லிக்காய் அளவு புளி. மிக்சியில் தண்ணீர் ஊற்றி மைய அரைத்தால் மசாலா வழிந்து கனலில் விழும்; விட்டு விட்டுக் கொரகொரப்பாக அரையுங்கள், அம்மிப் பதம் அதுதான். எலுமிச்சையில் அரைமணிக்கு மேல் ஊறினால் சதை வெளுத்து உதிரும். சுட்டபின் பிழியுங்கள்.

தூண்டில்:
மெனுவை அச்சடிக்காதீர்கள் அண்ணே. விசைப்படகு மீன்பிடித் தடை கிழக்குக் கரையான சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கரையான முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரு கரை மூடினால் மறு கரையில் வாங்கலாம். ஆனால் ஜூன் முதல் 14 நாள் இரண்டும் மூடியிருக்கும். வள்ளத்து மீனும் கட்டுமரத்து மீனும்தான். அப்போது நெய்மீன் (வஞ்சிரம்) என்று போர்டு வைத்தால் ஐஸில் கிடந்த பழசுதான் வரும். சாளையும் (மத்தி) அயலையும் (கானாங்கெளுத்தி) கிடைத்தால் அதுவே போதும். கொழுப்புள்ள மீன், கனலில் வறளாது. நெய்மீன் துண்டுதான் சீக்கிரம் வறளும். பழைய கட்டுமரப் படத்தைச் சுவரில் மாட்டுவதைவிட, இன்று எந்தத் துறை மீன் என்று வாசல் பலகையில் சாக்பீஸால் எழுதுங்கள். வீட்டில் பாட்டி சமைத்ததும் அன்றன்று வந்ததைத்தானே.

மணல்மேடு:
நன்றி. கணவாய்க்கும் இதே நேரமா?

கனல்சட்டி:
இல்லை. கடுங்கனலில் பக்கத்துக்கு ஒன்றரை, இரண்டு நிமிடம். தாண்டினால் ரப்பர்.

தூண்டில்:
இன்னொன்று. சூரை, அயலை, சாளைக்கு மீனும் ஐஸும் சரிபாதி. வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, உடம்பு தடித்து அரிக்கும். எவ்வளவு சுட்டாலும் அது போகாது.