அப்பா பார்சல் பார்சலாக வாங்கிக் குவிக்கிறார்: பார்க்கின்சன் மாத்திரையாலா?

மலைக்கோட்டை மகள்:
அப்பா ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர், வயது 67. சில வருடங்களாகப் பார்க்கின்சன். பிரமிபெக்ஸோல் மாத்திரையின் அளவைக் கூட்டியதும் கை நடுக்கமும் விறைப்பும் நன்றாகக் குறைந்தன. ஆனால் இப்போது ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து போனில் டார்ச் லைட், ஸ்க்ரூடிரைவர் செட், மிக்சி என்று ஆர்டர் போடுகிறார். டீ குடித்த காசுக்கும் கணக்கு எழுதியவர். வந்த பெட்டிகளைப் பிரிப்பதுகூட இல்லை. கேட்டால் கோபம். "வயசான காலத்துல புத்தி மாறிடுச்சு" என்கிறான் அண்ணன். மாத்திரையால் இப்படி ஆகுமா? நிறுத்திவிடலாமா?

வார்டு செவிலி:
ஆகும் சகோதரி. ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் சிலருக்குப் பதற்றம், வியர்வை, கடுமையான மனச்சோர்வு எல்லாம் வரும்; போதையை விட்டவர்கள் படும் பாடுதான். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பார்க்கின்சனில் உடல் அசைவுக்கான மூளைப் பாதையில்தான் டோபமைன் என்னும் மூளை ரசாயனம் அதிகம் வற்றுகிறது. பிரமிபெக்ஸோல் அந்த டோபமைன் போலவே வேலை செய்யும் மருந்து. ஆசை, ஊக்கம் சம்பந்தப்பட்ட பாதை அந்த அளவுக்குக் கெடுவதில்லை. அதனால் நடுக்கத்துக்குச் சரியாக இருக்கும் மருந்து, அங்கே மிதமிஞ்சிப் போகிறது. பிரமிபெக்ஸோல் விரும்பி ஒட்டும் டி3 ஏற்பிகளும் (டோபமைன் வந்து ஒட்டும் இடங்களில் ஒரு வகை) அந்தப் பக்கம்தான் நிறைய.

அமெரிக்கா, கனடாவில் 3,090 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. இவ்வகை மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 17 சதவீதம் பேருக்குச் சூதாட்டம், வாங்கிக் குவிப்பது, பெருந்தீனி, காமம் இவற்றில் ஏதோ ஒன்று கட்டுமீறியிருந்தது. எடுக்காதவர்களில் 7 சதவீதம்தான்.

பிரிக்காத பெட்டிகள் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உலுக்கியது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கென்ட் பெரிட்ஜ் என்ற மூளை ஆய்வாளர், டோபமைன் அநேகமாக அழிந்துபோன எலிகளின் வாயில் இனிப்பு விட்டுப் பார்த்தார். சப்புக்கொட்டி ரசித்தன, தானாகப் போய்த் தின்ன மட்டும் முனையவில்லை. ரசிப்பது வேறு, 'வேண்டும் வேண்டும்' என்று உந்துவது வேறு. டோபமைன் அந்த உந்துதலுக்குரியது. அப்பாவுக்கு டார்ச் லைட் மேல் பிரியமில்லை, உந்துதல் மட்டும் ஓயவில்லை. புத்தி மாறிவிட்டது என்று தயவுசெய்து அவர் காதுபடச் சொல்லாதீர்கள்.

கோவை மருமகள்:
எங்கள் மாமனாருக்கு இதே மாத்திரையில் சீட்டாட்டம். டாக்டர் "வேறு ஏதாவது தொந்தரவு?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். வெட்கம். அப்புறம் நாங்கள்தான் தனியாகப் போய்ச் சொன்னோம். இந்த மருந்தைக் குறைத்து, இன்னொரு பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவைச் சரிசெய்தார்கள். சில வாரங்களில் ஆட்டம் விட்டுப்போனது, நடை மட்டும் கொஞ்சம் மெதுவானது.

மலைக்கோட்டை மகள்:
ரொம்ப நன்றி. அண்ணனிடம் இதைப் படித்துக் காட்டினேன், அவனும் டாக்டரிடம் வருகிறான். அதுவரை போனிலிருந்து கார்டை எடுத்துவிடலாமா?

வார்டு செவிலி:
ஒளித்து எடுக்க வேண்டாம். மாத்திரையின் வேலை இது என்று அப்பாவிடமே சொல்லி, அவர் சம்மதத்தோடு பேங்கில் செலவு வரம்பைக் குறையுங்கள். ஆர்டர் போட்ட தேதிகளையும் மாத்திரை கூட்டிய தேதியையும் ஒரே தாளில் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள்.