ஊறா, நோவா, வலியா? காபிப் பலகைக்கு ஒரு சொல் வேண்டும்

மேற்கு மாம்பலம், மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். கல்லூரிக் கண்காட்சி ஒன்றுக்குக் காபியின் வேதியியல் பற்றி ஆறு பலகைகள். நாளை மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஐந்து முடிந்தது, ஆறாவதில் மாட்டிக்கொண்டேன்.

காபிக்கொட்டையின் எண்ணெயில் கஹ்வியோல், காஃபெஸ்டால் என்று இரண்டு சேர்மங்கள். அவற்றைக் கொடுத்த எலிகள், பாதத்தை அழுத்தினால், கொடுக்காத எலிகளைவிட அதிக அழுத்தம் வந்த பிறகே காலை இழுக்கின்றன. மூலத்தில் இதற்கு 'ஆன்டிநோசிசெப்டிவ்' என்று இருக்கிறது, அதாவது தீங்கான தூண்டலை நரம்புகள் உணர்வதைத் தணிப்பது. 'வலி நிவாரணி' என்று எழுத மனம் வரவில்லை. எலி வலிக்கிறது என்று சொல்லவில்லையே. காலை இழுத்ததைத்தான் பார்த்தார்கள். பலகையைப் படித்த மாணவி வீட்டுக்குப் போய், பாட்டியின் மூட்டுவலிக்குக் காபி கலந்து கொடுத்துவிடக் கூடாது.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர்:

அம்மா, 'வலி' வேண்டவே வேண்டாம். குறளில் 48ஆம் அதிகாரம் வலியறிதல். அங்கே வலி என்றால் வலிமை. நோசிசெப்டிவ் என்பது 1906இல் ஆங்கில உடலியலாளர் ஷெரிங்டன் ஆண்ட சொல். அதன் இலத்தீன் வேருக்குத் தீங்கு செய்தல் என்று பொருள். நம்மிடம் 'ஊறு' இருக்கிறது. 'சுவைஒளி ஊறுஓசை நாற்றம்' என்ற குறளில் அது தொடுவுணர்வு. 'ஊறு விளைத்தான்' என்றால் தீங்கு. தொடுவதும் கெடுப்பதும் ஒரே சொல்லில்! ஊறுணர்வு, ஊறுணர்வுத் தணிப்பு என்று வையுங்கள்.

பெரம்பூர், மருந்துக்கடை நடத்துபவர்:

ஐயா, அழகான சொல்தான். ஆனால் ஊறு என்றதும் என் கடைக்கு வருகிறவர்களுக்கு ஊறுகாய்தான் நினைவுக்கு வரும். அவர்கள் கேட்பது வலி மாத்திரை. இன்னொன்று, காஃபீனை இந்தப் பலகையில் சேர்க்காதீர்கள். அதன் வேலை வேறு: உடலில் அடினோசின் என்ற வேதிப்பொருள் வந்து பற்றும் ஏற்பிகளை அடைப்பது. பாராசிட்டமால் போன்ற மாத்திரையோடு 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ சேர்த்தால், நூற்றுக்கு 5 முதல் 10 பேர் கூடுதலாக நல்ல நிவாரணம் பெறுகிறார்கள். அது மனிதர்களிடம் பார்த்தது. அதற்குத் 'துணைமருந்து' போதும்.

தாம்பரம், வேதியியல் ஆசிரியை:

கஹ்வியோல் என்ற பெயரே அரபு 'கஹ்வா'விலிருந்து வந்தது. நாம் இன்னும் குளம்பியா, கொட்டைவடிநீரா என்று முடிவு செய்யவில்லை. பலகையில் காபி என்றே இருக்கட்டும். அப்புறம், காகித வடிதாளில் இந்த இரண்டு சேர்மங்களும் பெரும்பாலும் தங்கிவிடும். என் அம்மாவின் பித்தளை ஃபில்டரில் காகிதம் கிடையாது. டிகாஷன் ஆறினால் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம் மினுங்கும். காஃபெஸ்டால் கெட்ட கொழுப்பை ஏற்றும் என்பதையும் ஒரு வரி போடுங்கள்.

வளசரவாக்கம், யாழ்ப்பாணத்தவர்:

எங்கட ஊரில் இன்றைக்கும் 'கால் நோகுது' என்றுதான் சொல்லுவோம். நோவு யாருக்கும் விளங்கும். புறநானூற்றில் 'நோதலும் தணிதலும்' என்று கணியன் பூங்குன்றனார் இரண்டையும் ஒன்றாகவே வைத்திருக்கிறார். நோவுத்தணிப்பு.

பெரம்பூர், மருந்துக்கடை நடத்துபவர்:

இது சரி. வாயில் நுழைகிறது.

மயிலாப்பூர், பேராசிரியர்:

நோவும் வலிதானே, தம்பி? எலி நொந்ததா என்பதுதான் அம்மாவின் கேள்வி. அதற்கு நோவு விடை சொல்லவில்லை.

மேற்கு மாம்பலம், மொழிபெயர்ப்பாளர்:

ஐயா சொல்வது சரி, அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் நாலு பேர் நோவுப் பக்கம் சாய்ந்துவிட்டோம், நேரமும் இல்லை. தலைப்பில் 'நோவுத்தணிப்பு'. அதன் கீழே: 'எலிகள் காலை இழுக்கும் அழுத்த அளவு உயர்ந்தது. காபி குடிப்பவரின் வலி குறையும் என்று இது காட்டவில்லை.' இந்த இரண்டு வரியைப் பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன்.

மயிலாப்பூர், பேராசிரியர்:

அந்த இரண்டு வரிக்காக நன்றி, அம்மா. என் வாக்கு ஊறுணர்வுக்கே. அடுத்த பதிப்பு வந்தால் மறுபடி கேட்பேன்.